ஏணியா, ஜோடியா? லின் எல்பி12 பற்றி ஒரு விமர்சனம்

ஊர்ப்பக்கம் ஒரு பழைய கேலி உண்டு. "இது எங்க தாத்தா காலத்து அரிவாள். பிடி மூணு தடவை மாத்தியாச்சு, அலகு ரெண்டு தடவை மாத்தியாச்சு, மத்தபடி அப்படியேதான் இருக்கு." ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1973-ல் ஐவர் டீஃபன்பிரன் தொடங்கிய லின் நிறுவனத்தின் சோன்டெக் எல்பி12 டர்ன்டேபிள் கிட்டத்தட்ட அந்த அரிவாள்தான். ஐம்பது வருஷத்தில் அதன் பேரிங் மாறியது, மோட்டார் மாறியது, மின்சுற்று மாறியது, உள்சட்டம் மாறியது, கடைசியில் மரப்பெட்டியும் மாறிவிட்டது. பெயர் மட்டும் மாறவில்லை. 1970-களில் வாங்கிய ஒன்றை இன்றைக்கு எடுத்துக்கொண்டு போனால் இன்றைய பாகங்களை அதில் பொருத்தித் தருவார்கள்.

மென்பொருள் எழுதிச் சம்பாதிக்கிற எனக்கு இது பொறாமையைக் கிளப்புகிற விஷயம். ஐந்து வருஷத்துக்கு முன்னால் நான் எழுதிய நிரலே இன்றைய நூலகங்களோடு ஒத்துப்போவதில்லை. ஐம்பது வருஷப் பழைய சாதனத்தைக் கைவிடாத கம்பெனியை முதலில் பாராட்டிவிட வேண்டும். பாராட்டிய பிறகு கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. இவ்வளவு பாகங்களை மாற்றலாம் என்பது சரி. மாற்றினால் மேலே மேலே போகிறோமா? லின் அப்படித்தான் சொல்கிறது. ஒவ்வொரு பாகமும் ஒரு படி, மொத்தமும் ஒரு ஏணி. என் வாதம் வேறு. டர்ன்டேபிளில் "நல்ல பாகம்" என்று தனியாக ஒன்று இல்லை. நல்ல ஜோடிதான் இருக்கிறது. ஏணி என்ற அந்தப் படம் இந்த உண்மையை மறைக்கிறது. இதில் ரசிகனுக்குப் போவது பணம் மட்டுமில்லை, கேட்கிற நேரமும்தான்.

என்னிடம் இருப்பது எல்பி12 இல்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். செகண்ட் ஹேண்டில் வாங்கிய டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 மார்க் 2. வேலை விஷயமாகச் சில மாதங்கள் பிரிட்டனில் இருந்தபோது எல்பி12-ஐ வெவ்வேறு படிநிலைகளில் பலமுறை உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். அழகாகப் பாடும் சாதனம், அதில் சந்தேகமே இல்லை.

என்ன இயந்திரம் இது?

எல்பி12-இன் அடிப்படை அமைப்பு லின் கண்டுபிடித்ததல்ல. 1961-ல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் தன் ஏ.ஆர். கம்பெனிக்காக ஒரு டர்ன்டேபிள் வடிவமைத்தார். தட்டும் கையும் ஒரே சட்டத்தில் இருக்கும். அந்தச் சட்டம் மூன்று ஸ்பிரிங்குகளில் தொங்கும். மோட்டார் மட்டும் வெளிச்சட்டத்தில் இருந்து ரப்பர் பெல்ட் வழியாகத் தட்டைச் சுற்றும். 1965-ல் ஸ்விட்சர்லாந்தின் தோரன்ஸ் கம்பெனி டிடி 150 என்ற மாடலில் இதே வழியைப் பின்பற்றியது. எல்பி12-உம் இதே குடும்பம்தான். டீஃபன்பிரனின் அப்பா நடத்திய காசில் பிரிசிஷன் என்ற துல்லிய எந்திரப் பட்டறையின் கைவண்ணம் அதில் கூடுதலாகச் சேர்ந்தது. குறிப்பாக அதன் பேரிங்: தட்டின் தண்டு ஒற்றை முனையில் நின்று எண்ணெயில் சுழலும்.

இந்த அமைப்பின் நோக்கம் எளிமையானது. ஊசி பள்ளத்தில் படிக்கிற அசைவுகள் மைக்ரான் கணக்கில் இருப்பவை. மோட்டாரின் அதிர்வையும் ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வருகிற அதிர்வையும் அந்த ஊசி பிரித்துப் பார்க்காது. அசைவு என்றால் அதற்கு அசைவுதான், எல்லாவற்றையும் சங்கீதமாகவே எடுத்துக்கொள்ளும். ஆகவே தட்டையும் கையையும் சேர்த்துக் கட்டி, இரண்டையும் உலகத்திடமிருந்து பிரித்துவிடு. இது நல்ல பொறியியல்.

வேகம் எங்கிருந்து வருகிறது என்பதும் சுவாரஸ்யம். பழைய எல்பி12-இல் இருந்தது 24 துருவ சிங்க்ரனஸ் மோட்டார். 50 ஹெர்ட்ஸ் கரண்ட் கொடுத்தால் நிமிஷத்துக்கு 250 சுற்று. புல்லியும் பெல்ட்டும் அதை 7.5-ஆல் வகுத்து 33⅓ ஆக்கும். அதாவது வீட்டுக்கு வருகிற மின்சாரத்தின் அதிர்வெண்தான் அந்த இயந்திரத்தின் கடிகாரம். 1982-ல் வந்த வல்ஹல்லா என்ற மின்சுற்று, வீட்டுக் கரண்டை நம்பாமல் ஒரு கிரிஸ்டலை வைத்துத் தானே 50 ஹெர்ட்ஸ் உண்டாக்கிக்கொண்டது.

"மூலம்தான் முதல்"

லின் கொண்டுவந்த பெரிய விஷயம் இயந்திரத்தைவிட ஒரு சித்தாந்தம். 1970-களின் தொடக்கத்தில் பொதுவாக நிலவிய நம்பிக்கை இதுதான்: தட்டு சரியான வேகத்தில் சுற்றினால் போதும், சத்தத்தின் தரத்தைத் தீர்மானிப்பது ஸ்பீக்கர், காசை அதில் போடு. டீஃபன்பிரன் இதைத் தலைகீழாகத் திருப்பினார். ஊசி பள்ளத்திலிருந்து எடுக்கத் தவறியதை எந்த ஆம்ப்ளிஃபயரும் எந்த ஸ்பீக்கரும் திரும்ப உண்டாக்க முடியாது. ஆகவே முதலில் டர்ன்டேபிள், பிறகு கை, பிறகு கார்ட்ரிட்ஜ், கடைசியில்தான் ஸ்பீக்கர். குப்பையை உள்ளே போட்டால் குப்பைதான் வெளியே வரும் என்று எங்கள் தொழிலில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்களே, அதேதான்.

இந்த வாதத்தின் முதல் பாதி மறுக்க முடியாதது. ஒரு சின்னக் கணக்குப் போட்டால் தெரியும். 12 அங்குல எல்பியின் வெளி விளிம்பில் பள்ளம் ஊசியைக் கடக்கும் வேகம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர். கடைசிப் பாட்டு முடிகிற உள்வட்டத்தில் அதுவே சுமார் 21 சென்டிமீட்டர். அங்கே 10 கிலோஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு முழு அலை 21 மைக்ரான் நீளத்துக்குள் முடிந்துவிடும். 16.5 மைக்ரான் ஆரமுள்ள உருண்டை ஊசி அந்த அலையின் நுணுக்கமான வளைவுகளுக்குள் முழுசாக நுழைய முடியாது. பக்கவாட்டு ஆரம் 8 மைக்ரான் உள்ள நீள்வட்ட ஊசி இன்னும் நன்றாக நுழையும். எல்பியின் கடைசிப் பாட்டில் மட்டும் "ஸ", "ச" எல்லாம் கரகரப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இங்கே தொலைந்தது தொலைந்ததுதான். பின்னால் வருகிற எதுவும் அதை மீட்காது.

இரண்டாவது பாதியில்தான் தாவல். "இழந்ததை மீட்க முடியாது" என்பதிலிருந்து "ஆகவே மூலத்தில் அதிகப் பணத்தைப் போடு" என்பதற்கு நேராகத் தாண்டிவிடுகிறார்கள். நடுவில் ஒரு கேள்வி விடுபட்டுப்போகிறது: எவ்வளவு இழப்பு, எந்த இடத்தில், எந்தப் பாகத்தை மாற்றினால் குறையும்? ஒரு புரோகிராம் மெதுவாக ஓடினால் முதல் வரியிலிருந்து வரிசையாகத் திருத்திக்கொண்டு வரமாட்டோம். எங்கே நேரம் போகிறது என்று முதலில் அளப்போம். வரிசையில் முதலில் வருவதும் பிரச்சினைக்குக் காரணமாக இருப்பதும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

வல்ஹல்லாவையே எடுத்துக்கொள்வோம். இன்றைய இந்திய மின்தொகுப்பில் அனுமதிக்கப்பட்ட அதிர்வெண் 49.90-லிருந்து 50.05 ஹெர்ட்ஸ் வரை. கீழ் எல்லையில் நின்றால் வேகத்தில் 0.2 சதவீதம் குறையும். சுருதிக் கணக்கில் இது ஒரு அரைஸ்வரத்தில் சுமார் முப்பதில் ஒரு பங்கு. தம்புராவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்டால்கூடப் பெரும்பாலானவர்களுக்குப் பிடிபடாது. இப்போது இன்னொரு கணக்கு. இசைத்தட்டின் நடு ஓட்டை அரை மில்லிமீட்டர் தள்ளியிருந்தால், 100 மில்லிமீட்டர் ஆரத்தில் வேகம் ஒவ்வொரு சுற்றிலும் 0.5 சதவீதம் கூடி 0.5 சதவீதம் குறையும். நீண்ட வயலின் கார்வையில் இது ஊசலாட்டமாகவே கேட்கும். என் டெக்னிக்ஸின் வேக ஊசலாட்டம் என்று கம்பெனி தருகிற எண் 0.025 சதவீதம். ஓட்டை ஏற்படுத்துகிற பிழை அதைப்போல் இருபது மடங்கு. எல்பி12-க்கு எந்த மின்சுற்றைப் போட்டாலும் இந்த ஓட்டை சரியாகாது. வல்ஹல்லா மோட்டாருக்குச் சுத்தமான அலையைக் கொடுக்கிறது, அதனால் நன்மை உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த நன்மை நிற்கிற வரிசையில் அதற்கு முன்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று ஏணி உங்களுக்குச் சொல்வதில்லை.

படிகள்

வரிசையாகச் சொல்கிறேன். 1982 வல்ஹல்லா. 1990-ல் லிங்கோ, தனிப்பெட்டியில் வந்த மின்வழங்கி. 1993-ல் சர்க்கஸ், புது பேரிங். 2007-ல் கீல், உள்சட்டத்தையும் கையைத் தாங்குகிற பலகையையும் ஒரே அலுமினியக் கட்டியில் கடைந்தெடுத்தது. 2009-ல் ரேடிகல், டிசி மோட்டாரும் அதைக் கட்டுப்படுத்தும் சுற்றும். 2020-ல் கரூசல், இன்னொரு பேரிங். 2023-ல் ஐம்பதாவது ஆண்டுக்காக ஜோனி ஐவின் லவ்ஃப்ரம் நிறுவனத்தோடு சேர்ந்து எல்பி12-50 என்ற சிறப்புப் பதிப்பு: 250 எண்ணிக்கை மட்டும், விலை 50,000 பவுண்ட்.

ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பார்த்தால் யோசித்துச் செய்த வேலை. கீல் என்னை உண்மையிலேயே கவர்ந்தது. திருகுகளாலும் பசையாலும் இணைத்த மூன்று துண்டுகளை ஒரே துண்டாக்குவது நல்ல பொறியாளர் செய்கிற காரியம். நான் குறை சொல்வது பாகங்களை இல்லை. இந்த வரிசை வாங்குபவர் மனதில் உண்டாக்குகிற நிலையை. உங்களிடம் இருப்பது எப்போதும் "இன்னும் முடியாத" ஒன்று. அடுத்த படி எங்கே என்று கடைக்காரருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். பழைய சாதனத்தைத் தூக்கி எறிய வேண்டியதில்லை என்ற அருமையான குணமே, அதை ஒருநாளும் நிம்மதியாக வைத்துக்கொள்ள முடியாத நிலையையும் உண்டாக்குகிறது.

இதற்கு எதிர்ப்புறம் என் டெக்னிக்ஸ். முதல் எஸ்எல்-1200 வந்தது 1972-ல், மார்க் 2 வந்தது 1979-ல். குவார்ட்ஸ் பூட்டு, பெல்ட் இல்லாமல் மோட்டாரே நேரடியாகத் தட்டைச் சுற்றும் முறை. 2010 வரைக்கும் அந்தக் குடும்பத்தை அடிப்படையில் பெரிதாக மாற்றாமலேயே தயாரித்தார்கள். பிறகு நிறுத்தி, 2016-ல் திரும்பக் கொண்டுவந்தார்கள். இதில் ஏறுவதற்குக் கம்பெனி போட்டுக்கொடுத்த ஏணி இல்லை. அதனாலேயே ஆட்கள் வேறு இடத்தில் யோசிக்க வேண்டியதாகிறது: இந்தக் கைக்கு எந்தக் கார்ட்ரிட்ஜ் பொருந்தும்?

முதல் ஜோடி: கையும் ஊசியும்

இங்கேதான் என் வாதத்தின் மையம் இருக்கிறது. கார்ட்ரிட்ஜில் ஊசி ஒரு மெல்லிய ரப்பர் வளையத்தில் தொங்குகிறது. அந்த ரப்பர் ஒரு ஸ்பிரிங். கையின் எடை அந்த ஸ்பிரிங்கில் தொங்குகிற பாரம். ஸ்பிரிங்கும் பாரமும் சேர்ந்தால் அதற்கென்று ஒரு இயல்பான அதிர்வெண் வந்துவிடும். ஊஞ்சல் மாதிரி. சரியான நேரத்தில் யாராவது தள்ளினால் ஊஞ்சல் எகிறும்.

தள்ளுவதற்கு இரண்டு பேர் தயாராக இருக்கிறார்கள். கீழே, வளைந்த இசைத்தட்டுகளும் காலடி அதிர்வும். இவை பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. மேலே, பதிவில் இருக்கிற சங்கீதம். அது 20 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தொடங்கும். ஆகவே ஊஞ்சலின் அதிர்வெண் 8-லிருந்து 12-க்குள் இருந்தால் இரண்டு பேர் கைக்கும் எட்டாது. கணக்கு சுலபம். கையின் பயனுறு எடை, கார்ட்ரிட்ஜ் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதை ஊசியின் நெகிழ்வால், அதாவது கம்ப்ளையன்ஸ் என்று டப்பாவில் போட்டிருக்கிற எண்ணால், பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து, 159-ஐ அதனால் வகுத்தால் விடை ஹெர்ட்ஸில் வரும்.

என் டெக்னிக்ஸ் கையின் பயனுறு எடை 12 கிராம். ஆர்ட்டோஃபோன் 2எம் ரெட் கார்ட்ரிட்ஜ் 7.2 கிராம், நெகிழ்வு 20. திருகுக்கு அரை கிராம். மொத்தம் 19.7 கிராம். விடை 8 ஹெர்ட்ஸ். எல்லைக்குள்தான், ஆனால் கீழ் விளிம்பில். இதே கையில் 6 கிராம் எடையும் 35 நெகிழ்வும் உள்ள ஒரு கார்ட்ரிட்ஜை மாட்டினால் விடை 6 சொச்சம்தான். கொஞ்சம் வளைந்த தட்டு கிடைத்தால் கை படகு மாதிரி ஆடும், ஸ்பீக்கர் கூம்பு சத்தமே இல்லாமல் முன்னும் பின்னும் போய்வரும். அந்தக் கார்ட்ரிட்ஜ் இரண்டு மடங்கு விலை உள்ளதாக இருக்கலாம், லேசான கையில் அற்புதமாகப் பாடலாம். இந்தக் கையில் அது கீழிறக்கம். அதாவது ஏணியில் மேலே ஏறி, சத்தத்தில் கீழே இறங்கியிருப்பீர்கள்.

எதிர்த்திசையில் ஒரு உதாரணம். டெனான் டிஎல்-103 என்ற கார்ட்ரிட்ஜ் 1960-களில் ஜப்பான் ஒலிபரப்பு நிறுவனமான என்ஹெச்கே-வின் தேவைக்காக உருவானது. இன்னமும் தயாரிக்கிறார்கள். எடை 8.5 கிராம், நெகிழ்வு 5. அப்படியே கணக்கில் போட்டால் 15 ஹெர்ட்ஸைத் தாண்டும். உடனே "இதற்குக் கனமான கை வேண்டும், டெக்னிக்ஸ் ஆகாது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள். ஆனால் அந்த 5 என்பது 100 ஹெர்ட்ஸில் அளந்தது. ஜப்பானிய வழக்கம் அது. நம் சூத்திரத்துக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் அளவு. அது தோராயமாக ஒன்றரையிலிருந்து இரண்டு மடங்கு வரும். அப்படிப் போட்டால் விடை 11-லிருந்து 13-க்குள். ஊசியைத் தாங்குகிற ஹெட்ஷெல்லை 4 கிராம் கனமான ஒன்றாக மாற்றினால் மேல் எல்லையும் 12-க்குக் கீழே வந்துவிடும். எண்ணின் பக்கத்தில் அலகு எழுதாமல் விட்டால் என்ன ஆகும் என்று மென்பொருள்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

கவனியுங்கள்: இதில் எங்கேயும் "எது உயர்ந்தது" என்ற கேள்விக்கே இடம் வரவில்லை. கேள்வி எப்போதும் "எதோடு எது".

இரண்டாவது ஜோடி: சுருளும் வயரும்

மூவிங் மேக்னெட் வகைக் கார்ட்ரிட்ஜுக்குள் இருப்பது ஒரு கம்பிச் சுருள். அதற்குத் தூண்டல் உண்டு. கார்ட்ரிட்ஜிலிருந்து போனோ ஸ்டேஜ் வரைக்கும் போகிற வயருக்கு மின்தேக்கம் உண்டு. இரண்டும் சேர்ந்தால் இங்கேயும் ஒரு ஊஞ்சல், இந்த முறை நாம் கேட்கிற எல்லைக்குள்ளேயே. 2எம் ரெட்டின் தூண்டல் 700 மில்லிஹென்றி. மொத்த மின்தேக்கம் 200 பிகோஃபாரட் என்றால் ஒத்ததிர்வு 13 கிலோஹெர்ட்ஸைத் தாண்டி நிற்கும். 400 ஆனால் 9.5 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். கம்பெனியே 150-லிருந்து 300 வரை என்று டப்பாவில் போட்டிருக்கிறது. அதை மீறினால் மேல் சுரங்கள் ஒரு இடத்தில் துருத்திக்கொண்டு, அதற்கு மேலே சடாரென்று விழுந்துவிடும்.

நீளமான, தடித்த, பார்க்க கம்பீரமான வயர் ஒன்றை வாங்கி மாட்டியதும் "சத்தம் பிரகாசமா ஆயிடுச்சு" என்று ஒருவர் சொன்னால், அவர் பொய் சொல்லவில்லை. மாற்றம் நிஜம். ஆனால் அது வயரின் உயர்வால் வந்ததல்ல, அதன் மின்தேக்கத்தால் வந்தது. குட்டையான சாதாரண வயரில் அதே வேலையைச் சரியாகச் செய்யலாம். டிஎல்-103 போன்ற மூவிங் காயில் வகைக்கு இந்தப் பிரச்சினை அநேகமாக இல்லை. அதற்கு வேறு பிரச்சினை: வெளியே வருவது 0.3 மில்லிவோல்ட்தான். 2எம் ரெட் தருவது 5.5. பதினெட்டு மடங்கு வித்தியாசம். சாதாரண போனோ ஸ்டேஜில் மாட்டினால் சங்கீதத்தைவிட இரைச்சல் முந்திக்கொள்ளும். டிஎல்-103 வாங்குகிறவர் உண்மையில் கார்ட்ரிட்ஜும் போனோ ஸ்டேஜும் சேர்ந்த ஒரு ஜோடியைத்தான் வாங்குகிறார். விலைப்பட்டியலில் மட்டும் அது ஒற்றை வரியாக இருக்கும்.

மூன்றாவது ஜோடி: பெட்டியும் வீடும்

எல்பி12-இன் ஸ்பிரிங்குகள் சில ஹெர்ட்ஸில் ஆடுகிறவை. அதற்கு மேலே இருக்கிற அதிர்வுகளைத் தடுக்கும். அந்தச் சில ஹெர்ட்ஸிலேயே வருகிற அதிர்வை தடுக்காது, பெருக்கிவிடும். பிரிட்டனில் நிறைய வீடுகளில் மரத்தளம். நடந்தால் தரையே மெல்ல ஊஞ்சலாடும். அதனால்தான் அங்கே எல்பி12 வைத்திருப்பவர்கள் பலர் சுவரில் ஒரு பலகை அடித்து அதன்மேல் வைக்கிறார்கள். நம்மூர் கான்கிரீட் தளத்தில் அந்தத் தொல்லை வெகுவாகக் குறைவு. ஒரு வகையில் எல்பி12-க்கு கிளாஸ்கோவின் மரத்தளத்தைவிட மாம்பலத்து மொசைக் தரை பொருத்தமான இடம்!

ஆனால் சென்னை வேறு கணக்குகளைக் கொண்டுவருகிறது. தலைக்கு மேலே ஃபேன் ஓடுகிறது. ஜன்னலைத் திறந்தால் தூசி, மூடினால் புழுக்கம். ஈரப்பதத்தில் பழைய உறைகளுக்குள் பூஞ்சை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை மாதிரி இடங்களில் கிடைக்கிற எக்கோ கம்பெனியின் இளையராஜா எல்பிகளும், டம்டம்மில் அச்சான ஹெச்எம்வி கர்நாடக சங்கீதத் தட்டுகளும் யார் யார் வீட்டிலோ, எப்படியெப்படிப்பட்ட ஊசிகளிலோ ஓடித் தேய்ந்து வந்தவை. அப்படி ஒரு தட்டில் கரூசல் பேரிங்குக்கும் சர்க்கஸ் பேரிங்குக்கும் இடையிலான வித்தியாசத்தைத் தேடுவது, மார்கழி மாசத்து ஸ்பீக்கர் சத்தத்தில் தம்புரா சுருதியைச் சரிபார்க்கிற மாதிரி. அந்தத் தட்டை முதலில் நன்றாகக் கழுவினால் கிடைக்கிற முன்னேற்றம் யார் காதுக்கும் தெரியும். செலவு சொற்பம். "மூலம்தான் முதல்" என்று சொல்வதானால், மூலம் டர்ன்டேபிள் இல்லை, தட்டு.

எப்படிக் கேட்டுத் தீர்மானிப்பது?

லின்னுக்கு இதற்கும் ஒரு முறை இருக்கிறது. பேஸ், ட்ரெபிள் என்று பிரித்துக் கேட்காதே. எந்தச் சாதனத்தில் மெட்டு மனதுக்குள் சுலபமாகப் பாட வருகிறதோ அதுவே நல்லது. இதை நான் கேலி செய்யமாட்டேன். சங்கீதம் தெரிந்தவர்கள் கேட்கிற முறைக்கு இது பக்கத்தில்தான் இருக்கிறது. ஒரு அறையில் ஒரே ஒரு ஜோடி ஸ்பீக்கர்தான் இருக்க வேண்டும், சும்மா நிற்கிற மற்ற ஸ்பீக்கர்களின் கூம்புகளும் அதிரும் என்று ஒருகாலத்தில் கடைகளிடம் வலியுறுத்தினார்கள். இயற்பியலாக அதுவும் தப்பில்லை.

குறை வேறு இடத்தில். பிரிட்டனில் ஒரு கடையில் (பெயர் வேண்டாம்) இரண்டு எல்பி12-களை ஒன்றுக்குப் பின் ஒன்றாக வைத்துக் காட்டினார்கள். இரண்டாவது விலை அதிகம், கார்ட்ரிட்ஜும் வேறு. போட்ட உடனே எனக்குத் தெரிந்தது இரண்டாவது கொஞ்சம் சத்தமாக இருந்தது என்பதுதான். வேறு கார்ட்ரிட்ஜ் என்றால் வெளியே வருகிற வோல்ட்டேஜும் வேறு, அது சகஜம். சத்த அளவைச் சமப்படுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று கேட்டேன். "அதெல்லாம் தேவையில்லை சார், மெட்டு எதில் நன்றாக வருகிறது என்று பாருங்கள்" என்றார்கள். கொஞ்சம் சத்தமாக இருப்பது மனிதக் காதுக்கு நன்றாக இருப்பதாகவே படும். அந்த ஒன்றைச் சமப்படுத்தாவிட்டால் மெட்டும் அந்தப் பக்கம்தான் சாயும். மெட்டைப் பாட வருகிறதா என்ற நல்ல கேள்வி, அந்தக் கட்டுப்பாடு இல்லாமல் கேட்டால், விற்பனைக் கருவியாக மாறிவிடுகிறது.

எதிர்முகாமிலும் இதே நோய் வேறு உருவத்தில் உண்டு. டெக்னிக்ஸ்காரர்களில் சிலர் 0.025 சதவீதத்தைக் காட்டி, இதற்குமேல் பேச்சே இல்லை என்பார்கள். தட்டின் வேகம் கச்சிதம்தான். ஆனால் கார்ட்ரிட்ஜ் கோணல், ஊசி தேய்ந்து இரண்டு வருஷம் ஆகியிருக்கும். அளந்த எண் உண்மை. அது அளக்காத இடத்தில்தான் பிரச்சினை உட்கார்ந்திருக்கும்.

ஆக

எல்பி12-ஐ நான் ஏமாற்று வேலை என்று சொல்லவில்லை. ஸ்பிரிங், பெல்ட், ஒற்றை முனை பேரிங் எல்லாம் காரணத்தோடு செய்தவை. டர்ன்டேபிளும் சத்தத்தைத் தீர்மானிக்கிறது என்று உலகத்தை ஒத்துக்கொள்ள வைத்தது பெரிய காரியம். ஐம்பது வருஷம் உதிரிபாகம் தருவது அதைவிடப் பெரிய காரியம். ஆனால் பொருத்தம் பார்க்க வேண்டிய இடத்தில் படிநிலை பார்க்கச் சொல்லிக்கொடுத்ததும் அதே கம்பெனிதான். கல்யாணத்துக்குப் பொருத்தம் பார்க்கிறவன் "உங்ககிட்ட இருக்கிறதிலேயே காஸ்ட்லியான ஜாதகம் எது?" என்று கேட்டால் சிரிக்கமாட்டோமா? ஆடியோ கடையில் அதே கேள்வியை முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்கிறோம்.

எது உங்களிடம் இருந்தாலும், அடுத்த பாகத்துக்குக் காசு எடுத்து வைப்பதற்கு முன்னால் ஒரு தாளில் நாலு எண்களை எழுதிப் பாருங்கள். கையின் பயனுறு எடை. கார்ட்ரிட்ஜின் எடையும் நெகிழ்வும், எத்தனை ஹெர்ட்ஸில் அளந்தது என்பதோடு. வயரும் போனோ ஸ்டேஜும் சேர்ந்த மின்தேக்கம். இந்த ஊசி இதுவரை எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது. முதல் மூன்றும் எல்லைக்குள் இருந்து, நாலாவது ஆயிரம் மணியைத் தொட்டிருந்தால், உங்களுக்கு வேண்டியது புது பேரிங் இல்லை, புது ஊசி. நாலுமே சரியாக இருந்தால் எதையும் வாங்க வேண்டாம். அந்தக் காசுக்கு நாலு எல்பி வாங்கி, கழுவிக் காயவைத்துப் போடுங்கள்.